மாம்பழ நிற நூல் கட்டிய குழாய்

ஆரணியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட மதில் இருக்கிறது. சினிமா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் அதில்தான் ஒட்டுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து அந்த மதில்தான் எனக்குத் தினசரி. காய் வாங்கப் போனால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் படித்துவிட்டுத்தான் திரும்புவேன். அன்றைக்கும் ஒரு துணிக்கடையின் ஆடித் தள்ளுபடியைப் படித்து முடித்து அடுத்த தாளுக்கு வந்தேன். முந்தின நாள் மழையில் படம் கரைந்து, முகம் இருந்த இடத்தில் நீலக் கறைதான் மிஞ்சியிருந்தது. பெயர் மட்டும் அழியவில்லை. ‘ஞா’ என்ற எழுத்து எனக்கு இன்னும் கொஞ்சம் சிரமம். அதையும் கூட்டினேன். டாக்டர் கிரேஸ் ஞானமணி, கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்.

படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். முழுப் பெயரையும் யார் உதவியும் இல்லாமல் படித்துவிட்டேன் என்ற சந்தோஷம். படித்தது என்ன என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. என் வாழ்நாளில் எத்தனையோ சாவுச் செய்திகள் வந்திருக்கின்றன. எல்லாம் யாரோ ஒருவர் வாயிலிருந்து வந்தவை. எழுத்தாக வந்த முதல் சாவு மேடத்துடையது. கத்தரிக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பையை வைத்த பிறகு, அடக்கம் எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் வந்துவிட்டோமே என்று தோன்றியது. திரும்பிப் போய் அதையும் படித்தேன்.

இதைப் படிப்பவர்களில் மேடத்தை அறிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். கல்லூரியில் அவரிடம் படித்தவர்கள், சபையில் அவரோடு பாடியவர்கள். அவர் முள்ளிப்பட்டுச் சாலையில் ஒரு பழைய தறிக்கூடத்தை வாடகைக்கு எடுத்துப் பட்டுப்புழு வளர்த்த காலத்தை உங்களில் அநேகர் அறிய மாட்டீர்கள். அங்கே நான் வேலை பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன். எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. அதனால் அவசரத்தில் எதையும் கூட்டிச் சொல்லிவிட மாட்டேன்.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. எனக்குச் சாயப்பட்டறையில் வேலை. சாய ஆவி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காமல் போனதால், வேறு வேலை பார்த்துக்கொள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கூடத்தில் ஜெனரேட்டர் பார்க்க, ஐஸ் கொண்டுவர, தட்டுக் கழுவ ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். உயரமான அம்மாள். கழுத்தில் மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கியது.

“எழுதப் படிக்க வருமாங்க?” என்று கேட்டார்.

“வராது மேடம். எனக்கு ரேகைதான்.”

அவர் யோசித்தார். அந்த வேலையில் சிறு சிறு குழாய்களை உறைபெட்டியில் வைக்கவும் எடுக்கவும் வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்தால் மாதக் கணக்கில் செய்த வேலை போய்விடும். நான் திரும்பிப் போகப் பார்த்தபோது கேட்டார்: “சாயப்பட்டறையில நூலு எது எதுன்னு எப்பிடி பிரிச்சு வெப்பீங்க?”

“அத கண்ணு பாத்துக்கும் மேடம். அரக்கு வேற, மொளகாப்பழம் வேற, தக்காளி வேற. எல்லாத்தையும் செவப்புன்னு சொல்றவன பட்டறைக்குள்ள வுட மாட்டாங்க.”

“அப்போ என்னையும் வுட மாட்டாங்க. எனக்கு எல்லாம் செவப்புதான்” என்று சிரித்தார். “நாளைக்கு வரும்போது கொஞ்சம் பட்டு நூலு எடுத்துகினு வாங்க. நாலஞ்சு நெறம்.”

மறுநாள் முதல் குழாய்களின் கழுத்தில் நூல் கட்டுவது வழக்கமாயிற்று. வைரஸ் வைத்திருந்த குழாய்க்குக் கிளிப்பச்சை. புழுவின் உடம்பிலிருந்து எடுத்த நீருக்கு வாடாமல்லி. எல்லாம் சுத்தம் செய்து முடித்த கடைசிச் சரக்குக்கு மாம்பழ நிறம். மாம்பழ நிறம் கட்டிய குழாய் அப்போது ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்றைக் கட்டும் நாளுக்காகத்தான் அந்தக் கூடமே நடந்தது.

அவரிடம் ஆராய்ச்சிப் படிப்புப் படித்த லதா இதைப் பார்த்துவிட்டு, “மேடம், இது லேபா, சீர்வரிசைத் தட்டா?” என்று கேட்டாள்.

“உறைபனியில மை அழிஞ்சு போவுது லதா. நூலு அழியாது. முனுசாமிக்காகன்னு நெனச்சியா? எனக்காக” என்றார் மேடம். படிக்காத என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார் என நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் செய்ய நினைத்தது என்ன என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. சர்க்கரையை ஒட்டவைக்கும் பொருள் என்று யாரோ சொல்ல, அது சர்க்கரை வியாதிக்கு மருந்து என்று பரவியது. ஒருவர் பாட்டிலில் சிறுநீரோடு வந்து வாசலில் நின்றார். மேடம் அவரை உட்காரவைத்து, நல்ல டாக்டர் ஒருவர் பெயரைச் சொல்லி அனுப்பினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு விளக்கினார். அந்த விளக்கத்தைப் பிறகு ஊருக்கெல்லாம் நான் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

“உடம்புக்குள்ள இருக்கற புரதம் சேலை மாதிரி. நெய்ஞ்சு முடிச்சா மட்டும் போதாது. நுனியில குஞ்சம் முடியணும். இல்லேன்னா இழை பிரிஞ்சு போவும், விக்கவும் விக்காது. அந்தக் குஞ்சந்தான் சர்க்கரை. அதை முடியற கை ஒண்ணு மனுஷன் உடம்புல இருக்கு. அந்தக் கையத்தான் நான் புழுவுக்குள்ள செய்யப் பாக்கறேன்.”

அந்தக் கைக்கு அவர் என்சைம் என்று சொல்வார். நொதி என்று தமிழில் இருப்பதை நான் இப்போதுதான் படித்தேன்.

“அத வெச்சு இன்னா நோவு தீரும் மேடம்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் தீராது.”

இதை அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்வார். யார் கேட்டாலும் அதே பதில்தான். அது ஆராய்ச்சிக்கு மட்டும், உடம்பில் ஏற்ற அல்ல. சென்னையில் ஒரு மருத்துவர் அதற்காகக் காத்திருந்தார். அவரிடம் வரும் சில குழந்தைகளுக்கு அந்தக் குஞ்சம் முடியும் கை பிறவியிலேயே சரியில்லையோ என்று அவருக்குச் சந்தேகம். நல்ல கை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் எது கெட்டது என்று தெரியும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வந்து சேர்வதற்குள் பாதி செத்துவிடுகிறது. இங்கேயே செய்ய முடியும் என்று மேடம் சொன்னார். முடியாது என்று கல்லூரியில் சிலர் சொன்னார்கள். அந்த ஒரு பருவம் வரைக்கும் பாருங்கள், குழாய் வரவில்லையென்றால் கூடத்தைக் காலி செய்யுங்கள் என்று கல்லூரி மேலிடத்தில் முடிவாகியிருந்தது.

செய்யும் முறைதான் எங்களைத் திகைக்க வைத்தது. புழு வளர்ப்பவர்களுக்கு எமன் பால் நோய். புழு கணுக்கணுவாக வீங்கும். தின்னாமல் தட்டின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வரும். தோல் கிழிந்தால் வெள்ளையாக வடியும். ஒரு புழுவுக்கு வந்தால் புழு வளர்க்கும் மனை முழுக்கப் போய்விடும். அந்த நோயின் வைரஸைத்தான் மேடம் ஊசியில் ஏற்றி, நல்ல புழுக்களுக்கு ஒவ்வொன்றாகக் குத்தினார்.

புழுவுக்கு இலை போட காந்தா என்று ஒரு பெண் இருந்தாள். வெம்பாக்கம் பக்கம் புழு வளர்க்கும் குடும்பம். சிறுவயதில் ஒரு பருவம் முழுக்கப் பால் நோயில் போனதைப் பார்த்தவள். ஊசியைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த இலைக்கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

“இன்னா மேடம் இது? நோவு வந்தா எல்லாரும் வெரட்டுவாங்க. நீங்க வெத்தல பாக்கு வெச்சு அழைக்கிறீங்க?”

“அந்த நோவுக்குள்ள, அந்தக் கைய செய்யறதுக்கு மனுஷனோட குறிப்பு ஒண்ண வெச்சிருக்கேன் காந்தா. புழு உடம்பு அதையும் நோவோட வேலைன்னு நெனச்சுகினு செஞ்சு குடுத்துடும்.”

“ஏமாந்துடுமா?”

“ஏமாந்துடும்.”

“பாவம் மேடம்.”

“பாவந்தான். பட்டுச் சேலைக்கும் அதே பாவந்தான்.”

காந்தா கூடையை எடுத்துக்கொண்டாள். ஆனால் ஊசி போட்ட தட்டுகளுக்கு இலை போடும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

புழு வளர்க்கும் வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. வீங்கின புழுவைக் கண்டால் யாரையும் கேட்கக் கூடாது, யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. கண்டவர் கையே தட்டை வெளியே எடுத்துப் போக வேண்டும். சுண்ணாம்பு போட்டு, எரித்து, சாம்பலைப் புதைத்து, குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கேட்டுக்கொண்டு நின்றால் அடுத்த தட்டுக்குப் போய்விடும்.

ஒரு காலை நான் ஐஸ் வாங்கிக்கொண்டு வந்தபோது கூடத்தின் பின்புறம் புகை. புழு எரியும் நாற்றம் ஒரு தரம் முகர்ந்தவருக்கு மறக்காது. காந்தா தலை நனைந்து, ஈரச் சேலையோடு சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். மேடம் ஊசி போட்டு, நன்றாக வீங்கட்டும் என்று காத்திருந்த தட்டுகள் எல்லாம் குழிக்குள் போயிருந்தன. குளிர்ந்த உள்ளறையில் லதா தனியாக எடுத்து வைத்திருந்த ஒரே ஒரு தட்டுதான் மிஞ்சியது.

லதா அழுதாள். மேடம் குழியருகே போய்ப் பார்த்தார். பிறகு காந்தாவிடம் வந்தார்.

“உனக்குச் சொல்லித்தானே இருந்தேன்?”

“சொன்னீங்க மேடம். தெரியும். பாத்ததும் கை கேக்கல.”

“சுண்ணாம்பு போட்டியா?”

“போட்டேன்.”

“ஆழமா பொதச்சியா?”

“ஆழமாத்தான் மேடம்.”

“அப்போ உன் வேலைய சரியாத்தான் செஞ்சிருக்க. போய் சேலை மாத்து, சளி புடிச்சிக்கப் போவுது” என்றார். லதாவிடம் திரும்பி, “ஒரு தட்டு இருக்கு. ஒரு தட்டுக்கு உண்டான அழுகை மிச்சம் வெச்சுக்கோ” என்றார்.

காந்தாவை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. உள்ளறைக்கு ஒரு பூட்டு மட்டும் வாங்கி வரச் சொன்னார். அதன் சாவியையும் காந்தாவிடமே கொடுத்தார். எனக்கு அது அதிகமாகப்பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அதற்குப் பிறகு காந்தா அந்த அறை வாசலை விட்டு நகரவில்லை.

புகை ஊருக்குச் செய்தி சொல்லிவிட்டது. அதே சமயத்தில் பக்கத்து ஊரில் ஏழுமலை என்பவரின் புழு மனையில் பால் நோய் வந்திருந்தது. மறுநாள் அவர் இன்னும் சில பேரோடு வந்து இறங்கினார். கையில் ஒரு முறம். முறத்தில் வீங்கிய புழுக்கள்.

“இங்க நோவ வளத்துகினு கீறாங்களாமே, யாரு அது?”

“நான்தாங்க” என்று மேடம் வெளியே வந்தார்.

“படிச்சவங்க செய்யற வேலையா இது? என் மனை பூரா போச்சு. இந்தப் பட்டுக்கூட்ட வித்துத்தான் பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருந்தேன்.”

“உள்ள வாங்க. காந்தா, தண்ணி குடு.”

“தண்ணி குடிக்க வரலீங்க.”

“தெரியும். குடிச்சிட்டுத் திட்டுங்க. தொண்டை காஞ்சு போய் இருக்கு.”

அவர் கூட வந்த ஒருவர் சிரித்துவிட்டார். ஏழுமலை அவரை முறைத்தார். ஆனாலும் குடித்தார்.

மேடம் என்னிடம் ஒரு கறுப்புத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். காந்தா உள்ளறையைத் திறந்து அந்த ஒரே தட்டிலிருந்து ஒரு புழுவை எடுத்து வந்தாள். எங்களிடம் இருந்ததே அவ்வளவுதான். லதா வேண்டாம் என்று தலையை ஆட்டியது எனக்குத் தெரிந்தது.

“உங்க புழு காலையும் நீங்களே குத்துங்க. என் புழு காலையும் நீங்களே குத்துங்க. நான் தொட மாட்டேன்” என்றார் மேடம்.

ஏழுமலை தன் புழுவின் காலை ஊசியால் குத்தினார். கறுப்புத் தட்டில் ஒரு சொட்டு விழுந்தது. பால் போல வெள்ளை. மேடத்தின் புழுவைக் குத்தினார். விழுந்தது தண்ணீர் போலத் தெளிவு, கொஞ்சம் மஞ்சள். இரண்டு சொட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“வெள்ளையா இருக்கறது பூரா பொடி மணி” என்றார் மேடம். “அந்த மணிக்குள்ளதான் நோவு ஒளிஞ்சுகினு இருக்கு. அதுதான் எலையில ஒட்டிக்கினு ஊரு ஊரா போவுது. என்னோடதுல அந்த மணிய எடுத்துட்டேன். அது இருந்த எடத்துலதான் மனுஷனோட குறிப்ப வெச்சிருக்கேன். இது ஊசி வழியாத்தான் போவும். எலை வழியா போறது அனேகமா நடக்காது.”

“அனேகமாவா?” என்று கேட்டார் ஏழுமலை.

“அனேகமாதாங்க. அதுக்கு மேல சொன்னா பொய்.”

ஏழுமலை இரண்டு சொட்டையும் இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். பிறகு பேசினார். குரல் இறங்கியிருந்தது.

“என் மனைக்கு வந்தது உங்களுது இல்ல மேடம். ஒத்துக்கறேன், கண்ணால பாத்துட்டேன். ஆனா இனிமே என் தட்டுல ஒரு புழு வீங்கினா மொதல்ல உங்க நெனப்புதான் வரும். நான் நெனக்கலேன்னாலும் ஊரு நெனக்கும். அதுக்கு இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“இந்த ஒரு தட்டு முடியட்டும். அதோட மூடிடறேன்” என்றார்.

அவர்கள் போனதும் லதா சண்டை பிடித்தாள். “நம்ம மேல தப்பு இல்லன்னு இப்பத்தானே காட்டினோம் மேடம்? எதுக்கு மூடணும்? குழாய் வந்தா கல்லூரியே இன்னொரு வருஷம் குடுக்கும்.”

“தப்பு இல்லன்னு காட்டினது நமக்கு நிம்மதி. அவங்க நிம்மதிக்கு அது பத்தாது. நமக்கு வேற எடம் கெடைக்கும் லதா. அவங்க மனைக்கு வேற எடம் கெடையாது.”

அவர் சொன்னதில் பாதிதான் நடந்தது. வேறு இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. அவர் செய்தது சரியா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்த நாள் ஏழுமலை மறுபடியும் வந்தார். மொபெட்டின் பின்னால் ஒரு கட்டு மல்பெரி இலை. தளிராகப் பறித்து ஈரத்துணி சுற்றியிருந்தார். அவர் மனையில் தின்பதற்குப் புழு இல்லை.

“தட்டு முடிஞ்சாத்தான் மூடுவேன்னு சொன்னீங்க. எலை இல்லாம எப்பிடி முடியும்? ஜல்தி முடிங்க” என்று காந்தாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தட்டு முடியும் வரைக்கும் இலை அவருடையதுதான்.

புழுக்களிலிருந்து நீர் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு புழுவாகக் காலைக் குத்தி, சொட்டுச் சொட்டாகக் குளிர்ந்த குழாயில் பிடிக்க வேண்டும். குளிர் குறைந்தால் கறுத்துவிடும். கறுத்தால் வீண். அன்றைக்குப் பார்த்து மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரும் இருமிவிட்டு நின்றுவிட்டது. ஐஸ் கட்டி வாங்க ஓடினேன். இருந்ததெல்லாம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். வெறுங்கையோடு திரும்பும் வழியில், பள்ளிக்கூட வாசலில் குச்சி ஐஸ் வண்டி நின்றது. பெட்டியோடு தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வண்டிக்காரன் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தான்.

மேடம் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே முழுக்கச் சிவப்பு.

“இது என்ன செவப்பு முனுசாமி?”

“ரோஜா மேடம்.”

“அரக்கு இல்லையே?”

“ரோஜாதான் மேடம்.”

“சரி, நீங்க சொன்னா சரி” என்று குழாய்களைக் குச்சி ஐஸுக்கு நடுவில் நட்டார். வண்டிக்காரன் சண்டையை மறந்து வேடிக்கை பார்த்தான். நீர் ஒரு சொட்டும் கறுக்கவில்லை.

அதைச் சுத்தம் செய்து முடிக்கச் சில நாள் ஆயிற்று. கடைசியில் ஒரு சோதனை. வெள்ளைச் சவ்வுத் துண்டு ஒன்றில் இரண்டு இடத்தில் சொட்டு வைத்தார். ஒன்று எங்கள் என்சைம் சேர்த்தது, மற்றது சேர்க்காதது. என்சைம் வேலை செய்தால், குஞ்சம் விழுந்தால், அந்த இடத்தில் கறை தெரியும். இல்லையென்றால் இரண்டும் வெள்ளையாகவே இருக்கும். எங்கள் மூன்று பேரையும் அருகில் நிற்கச் சொன்னார். தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தார்.  முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓரிடத்தில் மட்டும் இலேசாக ஒரு பழுப்பு. வரகரிசி அளவு. மெதுவாக அது கருகியது. மற்ற இடம் வெள்ளையாகவே இருந்தது.

“இவ்ளோதானா?” என்றாள் காந்தா.

“இவ்ளோதான்.”

“இதுக்கா மேடம் இவ்ளோ பேஜாரு?”

“இதுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் கையை நீட்டி, “முனுசாமி, மாம்பழம்” என்றார்.

நான் நூலை எடுத்துக் கட்டினேன். சிறு பெட்டி நிறையக்கூட இல்லாத சில குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் குஞ்சம் முடிகிற முடிச்சே போட்டேன்.

குழாய் வந்ததும் கல்லூரி இன்னொரு வருஷம் தருகிறேன் என்றது. மேடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். மிஞ்சிய புழுக்களையும் தட்டுகளையும் அவரே வெளியே எடுத்து வைத்தார். சுண்ணாம்பு போட்டது காந்தா. “இந்த வாட்டி கேட்டுகினுதான் போடறேன் மேடம்” என்றாள். “போடு போடு” என்றார் மேடம். ஏழுமலை எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த பருவம் அவருக்குக் கூடு நன்றாக விழுந்தது என்றும், பெண் கல்யாணம் நடந்தது என்றும் கேள்விப்பட்டேன்.

சென்னைக்குப் போன குழாயால் ஒரு குழந்தையின் நோய் இன்னது என்று தெரிந்ததாகப் பிறகு மேடம் சொன்னார்.

“கொழந்த பொழச்சுதா மேடம்?”

“அது தெரியல முனுசாமி. நோவுக்குப் பேர் வெச்சாங்க. அதுவரைக்கும் அந்த அம்மா யார்கிட்ட போனாலும், என்ன நோவுன்னு சொல்ல ஒரு பேர்கூட இல்லாம இருந்துச்சு.”

அவர் கல்லூரிக்கே திரும்பிப் போய்விட்டார். நான் ஒரு நெசவுச் சங்கத்தில் நூல் அறையைப் பார்த்துக்கொண்டேன். வருஷத்துக்கு ஒரு முறையாவது கிறிஸ்துமஸ் சமயத்தில் போய்ப் பார்ப்பேன். வயதான பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டதும் முதலில் போய்ச் சொன்னது அவரிடம்தான். அவர் மேசை மேல் இருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். நான் அதிலிருந்த தமிழை எல்லாம் படித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இப்போ பிரிச்சு ஒண்ணு சாப்பிடலாமா?” என்றார்.

ஒவ்வொரு முறையும் விடைபெறும்போது ஒன்று கேட்பார். “மாம்பழ நெறத்துல ஒரு கண்டு நூலு கெடைக்குமா முனுசாமி? எனக்கு வாங்கத் தெரியாது, எதையாவது குடுத்துடுவாங்க.” நான் வாங்கிக் கொடுப்பேன். வருஷா வருஷம் இவ்வளவு நூல் எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஏதோ தையல் போடுகிறார் என்று இருந்துவிட்டேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பாட்டு முடிந்து எல்லோரும் மண் போட்டார்கள். நானும் போட்டேன். கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். லதா. தலை நரைத்துவிட்டது. இப்போது அதே கல்லூரியில் மேடத்தின் இடத்தில் இருக்கிறாள்.

“உங்க குழாய் ஒண்ணு இன்னும் இருக்கு அண்ணா” என்றாள். “மாம்பழக் கலரு. உறைபெட்டியில அடியில. போன வருஷம் சும்மா எடுத்துச் சோதிச்சுப் பாத்தோம். இன்னும் குஞ்சம் முடியுது.”

“எம்முடிச்சா?”

“உங்க முடிச்சுதான். யாரும் அவுக்கல. அது மட்டுமா, அங்க எல்லாக் குழாய்க்கும் நூலுதான். புதுசா யாரு சேர்ந்தாலும் மேடம் மொதல்ல கத்துக் குடுக்கறது முடிச்சு போடத்தான். ஏன்னு கேட்டா, மை அழியும் நூலு அழியாதுன்னுவாங்க. இப்ப நானும் அதையேதான் சொல்லிகினு இருக்கேன்.”

அந்தக் கல்லூரி உறைபெட்டிக்குள் நான் ஒரு நாளும் கைவிட்டதில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் படித்தவர்கள்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று, இதை எழுதும் இத்தனை நாளும் யோசித்தேன். கையில் பொருளாக ஒன்றும் இல்லை. படிக்காத ஒருவனுக்காக அவர் நூல் கட்டினார், அது எனக்குச் செய்த உதவி என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அது உதவி அல்ல. என்னிடமிருந்து ஒன்றை அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். எடுத்துக்கொண்டதைக் கடைசி வரைக்கும் பயன்படுத்தியிருக்கிறார். “எனக்காக” என்று அன்றைக்கு அவர் சொன்னது நிஜம். அதைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.

அடக்கத்தன்று கிளம்பும்போது லதா, மாம்பழ நிற நூல் கண்டு தீர்ந்துவிட்டது என்றாள். நாளைக்குக் கடைக்குப் போக வேண்டும். வேறு யாரையும் அனுப்ப முடியாது. கடைக்காரன் வெறும் மஞ்சளை எடுத்துக் கொடுத்து, இதுதான் மாம்பழம் என்பான்.